மிட்டிலீனி விவாதம், கி.மு. 427: டயோடோட்டஸிடம் இருந்தது நடைமுறை விவேகமா, வெறும் சாமர்த்தியமா?

#1 வடகரை

அரிஸ்டாட்டிலின் நிகோமாகிய அறவியலில் ஆறாம் நூலைப் படிப்பவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் நிற்பார்கள். ஃப்ரோனேசிஸ், அதாவது நடைமுறை விவேகம், நல்லொழுக்கம் இல்லாதவனிடம் இருக்கவே முடியாது என்கிறார். குறிக்கோள் எதுவானாலும் அதை அடையும் வழியைக் கண்டுபிடிக்கிற திறமைக்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார்: டெய்னோடெஸ், சாமர்த்தியம். குறிக்கோள் நல்லதாக இருந்தால் சாமர்த்தியம் பாராட்டுக்குரியது, கெட்டதாக இருந்தால் அதுவே தந்திரம்.

இந்தப் பிரிவை உண்மையான ஓர் அரசியல் முடிவில் உரசிப் பார்க்க மிட்டிலீனி விவாதத்தை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸின் மூன்றாம் நூல், 36 முதல் 50 வரையான பகுதிகள்.

பின்னணி சுருக்கமாக. லெஸ்பாஸ் தீவின் பெரிய நகரம் மிட்டிலீனி. ஏதென்ஸ் கூட்டணியில் திறை கட்டாமல், சொந்தக் கப்பற்படையோடு இருந்த நகரம். 428-இல் கிளர்ச்சி செய்தது. முற்றுகை நீண்டு, உணவு தீரும் நிலை வந்தது. ஸ்பார்ட்டா அனுப்பிய சலைத்தஸ், சண்டைக்குப் போகலாம் என்று சாதாரண மக்கள் கையில் கனரகக் காலாட்படை ஆயுதங்களைக் கொடுத்தார். ஆயுதம் கைக்கு வந்ததும் அவர்கள் பேச்சு மாறியது. பதுக்கிய தானியத்தை வெளியே எடுத்துப் பங்கிடுங்கள், இல்லையென்றால் நாங்களே ஏதென்ஸோடு பேசி முடித்துக்கொள்கிறோம் என்றார்கள். மேட்டுக்குடியினர் பயந்து சரணடைந்தார்கள்.

ஏதென்ஸ் மக்கள் மன்றம் கோபத்தில் முடிவெடுத்தது: வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் மரணம், பெண்களும் குழந்தைகளும் அடிமைகள். ஒரு போர்க்கப்பல் ஆணையோடு கிளம்பியது. மறுநாளே மன்றம் மனம் கேட்காமல் மீண்டும் கூடியது. முதல் முடிவை முன்மொழிந்து வென்ற கிளியோன், அதுவே நிற்க வேண்டும் என்றார். டயோடோட்டஸ் எதிர்த்தார். கைதூக்கி எண்ணியபோது ஏறக்குறைய சரிபாதி. டயோடோட்டஸ் பக்கம் சற்றே கூடுதல்.

என் கேள்வி இதுதான். டயோடோட்டஸ் தன் பேச்சில் இரக்கம் கேட்கவே இல்லை. ‘நாம் நீதிமன்றத்தில் உட்காரவில்லை, நமக்கு எது பயன் என்று யோசிக்க உட்கார்ந்திருக்கிறோம்’ என்பதுதான் அவர் வாதம். அவர்கள் எவ்வளவு பெரிய குற்றவாளிகள் என்று நிரூபித்தாலும், பயன் இல்லையென்றால் கொல்லச் சொல்ல மாட்டேன் என்கிறார். அப்படியானால் அரிஸ்டாட்டிலின் அளவுகோலில் இது சாமர்த்தியம் மட்டும்தானே?

#2 ஏட்டுச்சுவடி

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் ஒழுக்கம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஆறாம் நூலின் பாதியை விட்டுவிடுவோம்.

அரிஸ்டாட்டில் உண்மையை எட்டும் நிலைகளை ஐந்தாகப் பிரிக்கிறார்: கைத்தொழில் திறன், நிரூபண அறிவு, நடைமுறை விவேகம், மெய்ஞ்ஞானம், முதல் கோட்பாடுகளைப் பற்றும் நுண்ணறிவு. நடைமுறை விவேகத்தின் களம் மாறக்கூடிய விஷயங்கள், அதிலும் நாம் செய்து மாற்றக்கூடியவை. வடிவியலில் கெட்டிக்காரனான இளைஞன் உண்டு, விவேகியான இளைஞன் இல்லை என்று அவர் சொல்வது இதனால்தான். தனித்தனி நிகழ்வுகளைத் தெரிந்திருக்க வேண்டும்; அது அனுபவத்தால் வருவது, அனுபவத்துக்குக் காலம் பிடிக்கும். அவர் தரும் உதாரணம் சாப்பாட்டிலிருந்து. லேசான இறைச்சி எளிதில் செரிக்கும் என்று தெரிந்தவன், எந்த இறைச்சி லேசானது என்று தெரியாவிட்டால் யாரையும் குணப்படுத்த மாட்டான். கோழி இறைச்சி உடம்புக்கு நல்லது என்று மட்டும் தெரிந்தவன் குணப்படுத்திவிடுவான்.

கைத்தொழிலோடு உள்ள வேறுபாடும் முக்கியம். தொழிலில் தெரிந்தே தப்புச் செய்கிறவன், தெரியாமல் செய்கிறவனை விட மேல். திறமை அவனிடம் இருக்கிறது. விவேகத்தில் இது தலைகீழ். தெரிந்தே தப்பு செய்கிறவன் மோசம். ஆகவே அரசியலை வெறும் தொழில்நுட்பமாகப் பார்க்கிறவர்களுக்கு அரிஸ்டாட்டிலிடம் இடமில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வேண்டியது ஒன்பதாம் அத்தியாயம், நல்ல ஆலோசனை பற்றியது. அங்கே மூன்று சோதனைகள் கிடைக்கின்றன. எட்டிய குறிக்கோள் நல்லதா? கெட்டவனும் நன்றாகக் கணக்குப் போட்டு நினைத்ததை அடைவான். அது நல்ல ஆலோசனை ஆகாது. எந்தக் காரணத்தின் வழியாக எட்டினான்? தவறான இடைப்படி மூலமாகவும் சரியான முடிவில் போய் விழலாம். அதுவும் நல்ல ஆலோசனை ஆகாது. எப்போது எட்டினான்? வெகுநேரம் யோசித்துச் சரியான முடிவுக்கு வருகிறவனும் உண்டு, சட்டென்று வருகிறவனும் உண்டு. நேரமும் சரியாக இருக்க வேண்டும்.

டயோடோட்டஸை இந்த மூன்றிலும் நிறுத்த வேண்டும். அவர் பயனைப் பற்றி மட்டுமே பேசினார் என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அரிஸ்டாட்டிலே சொல்லாட்சிக் கலை முதல் நூலில், மன்றத்தில் ஆலோசனை சொல்லும் பேச்சின் இலக்கு பயன், நீதிமன்றப் பேச்சின் இலக்கு நீதி என்று பிரித்துவைத்திருக்கிறார். டயோடோட்டஸ் மன்றத்தில் மன்றத்துக்குரிய பேச்சைப் பேசினார்.

#3 கணக்கர்

நடைமுறை விவேகம் பற்றிய கட்டுரைகளில் எப்போதும் விடுபடுகிற பகுதி பணம். டயோடோட்டஸின் வாதத்தின் முதுகெலும்பு அதுதான் (துசிடிடீஸ் 3.46).

அவர் சொல்வது: இப்போது ஒரு நகரம் கிளர்ச்சி செய்து, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால், நஷ்டஈடும் இனிவரும் திறையும் கட்டக்கூடிய நிலையிலேயே சமாதானத்துக்கு வரும். கிளியோன் சொல்கிறபடி சீக்கிரம் பணிந்தாலும் தாமதமாகப் பணிந்தாலும் ஒரே தண்டனை என்றால், எந்த நகரமும் கடைசி மூச்சு வரை தாக்குப்பிடிக்கும். முற்றுகைச் செலவு நமக்கு, கிடைப்பது பாழடைந்த நகரம்.

இதை அந்த மன்றத்தில் கேட்டவர்களுக்கு எண்கள் தெரியும். முன்பு கிளர்ச்சி செய்த போத்திடேயா நகரத்தின் முற்றுகைக்கு மட்டும் 2,000 தாலந்து (ஒரு தாலந்து 6,000 திராக்மா) போயிருந்தது. அங்கே இருந்த கனரகக் காலாட்படை வீரனுக்கு நாளைக்கு 2 திராக்மா, ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் ஏவலாளுக்கு. 431-இல் போர் தொடங்கும்போது அக்ரோபோலிஸில் இருந்த நாணயக் கையிருப்பு 6,000 தாலந்து. ஆக ஒரே முற்றுகை மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. மிட்டிலீனி முற்றுகைக்குப் பணம் போதாமல்தான் குடிமக்கள் மேல் 200 தாலந்து சொத்துவரி போட்டார்கள். அப்படிப் போட்டது அதுவே முதல் தடவை என்கிறார் துசிடிடீஸ். மன்றத்தில் கைதூக்கியவர்களில் வசதியானவர்கள் அந்த வரியைக் கட்டியவர்கள்.

அரிஸ்டாட்டில் விவேகிக்கு உதாரணமாகப் பெயர் சொல்லிக் காட்டுவது, போரின் தொடக்கத்தில் ஏதென்ஸை வழிநடத்திய பெரிக்ளிஸை. துசிடிடீஸ் இரண்டாம் நூல் 13-ஆம் பகுதியில் பெரிக்ளிஸ் மன்றத்தில் என்ன பேசினார் என்று பாருங்கள். கூட்டாளிகளிடமிருந்து ஆண்டுக்குச் சராசரி 600 தாலந்து, கையிருப்பு 6,000, அதீனா சிலையில் கழற்றக்கூடிய தங்கம் 40 தாலந்து எடை, கனரகக் காலாட்படை 13,000, குதிரைப்படை 1,200, கடலுக்குத் தயாரான போர்க்கப்பல் 300. சிலைத் தங்கத்தை எடுத்தால் பிறகு அதே அளவு திருப்பி வைக்க வேண்டும் என்பது வரை சொல்கிறார். விவேகம் என்றால் நிதானமான முகம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

#4 மருதன்

அரிஸ்டாட்டில் பிறந்தது 384-இல், விவாதத்துக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அவருடைய சட்டகத்தைப் பின்னோக்கி நீட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். இருந்தாலும் இந்தத் தலைப்பு அவருக்கு முன்பே ஏதென்ஸில் சூடாக இருந்தது. பிளேட்டோவின் உரையாடலில், கட்டணம் வாங்கிக் கற்பித்த ஆசிரியர் புரோட்டகோரஸ், தான் கற்பிப்பது நல்ல ஆலோசனைத் திறன், வீட்டிலும் நகரத்திலும் என்கிறார். சாக்ரடீஸ் உடனே கேட்கிறார்: கப்பல் கட்டுவது பற்றி என்றால் மன்றம் கப்பல் தச்சரைக் கூப்பிடுகிறது, தெரியாதவன் எழுந்தால் கூச்சல் போட்டு உட்கார வைக்கிறது, நகரத்தை நடத்துவது பற்றி என்றால் தச்சன், கொல்லன், செருப்புத் தைப்பவன் யார் எழுந்தாலும் கேட்கிறதே? அரிஸ்டாட்டில் ஆறாம் நூலில் பதில் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

இன்னொன்று. கிளியோன் முட்டாள்தனமாகப் பேசவில்லை. மாறாத கெட்ட சட்டம், நிற்காத நல்ல சட்டத்தை விட மேல் என்றார். அரிஸ்டாட்டிலும் ‘அரசியல்’ என்ற தன் படைப்பின் இரண்டாம் நூலில், சட்டத்தை அடிக்கடி மாற்றினால் கீழ்ப்படியும் பழக்கமே தளரும் என்கிறார். இதை வைத்துப் பார்த்தால் விவேகி கிளியோன் பக்கம் அல்லவா நிற்க வேண்டும்?

#5 ஏட்டுச்சுவடி

மருதன், கிளியோன் அங்கே ஒன்றை இன்னொன்றாகக் காட்டுகிறார். முந்தைய நாள் மன்றம் எடுத்தது ஒரு நகரத்தைப் பற்றிய ஒற்றைத் தீர்மானம். அதை அவர் சட்டம் என்று அழைத்து, சட்டத்துக்குரிய நிலைத்தன்மையை அதற்குக் கேட்கிறார். ஏதென்ஸில் பொதுவான நிலையான சட்டம், ஒரு விஷயத்துக்கான தீர்மானம் என்ற பிரிவு முறையாக வந்தது 403-க்குப் பிறகு. 427-இல் அந்த வேலி இல்லை. அதனால் அவர் வாதம் எடுபட்டது.

அரிஸ்டாட்டிலிடம் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. நிகோமாகிய அறவியல் ஐந்தாம் நூல் பத்தாம் அத்தியாயம்: சட்டம் பொதுவாகத்தான் பேச முடியும், சில விஷயங்களைப் பொதுவாகச் சரியாகச் சொல்ல முடியாது, அங்கே தீர்மானம் வேண்டும். இதற்கு அவர் தரும் உதாரணம் லெஸ்பாஸ் கட்டடக்காரர்களின் ஈய அளவுகோல். இரும்புக்கோல் கல்லை ஒட்டி வளையாது. ஈயக்கோல் கல்லின் வடிவத்துக்கேற்ப வளையும். தீர்மானம் அப்படி நிகழ்வுக்கு ஏற்ப அமைய வேண்டும். அரிஸ்டாட்டில் சில காலம் மிட்டிலீனியிலேயே வாழ்ந்தவர், ஆகவே அந்தத் தீவின் கட்டட வேலை அவருக்கு நேரில் தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மிட்டிலீனிக்கு எதிரான தீர்மானத்தில் வளைவே இல்லை. கிளர்ச்சி செய்தவனும், ஆயுதம் வந்ததும் சரணடையக் கட்டாயப்படுத்தியவனும் ஒரே பட்டியலில்.

#6 பொருநை

மூன்று சோதனைகளில் இரண்டாவதில் டயோடோட்டஸ் தடுக்குகிறார் என்று தோன்றுகிறது. அவருடைய இடைப்படி, ‘எல்லா நகரங்களிலும் சாதாரண மக்கள் நம் பக்கம்’ என்பது. மிட்டிலீனி மக்கள் ஏதென்ஸ் மேல் அன்பு வைத்து நகரத்தை ஒப்படைக்கவில்லை. பசி. துசிடிடீஸே அதைத்தான் எழுதியிருக்கிறார் (3.27). தவறான படி, சரியான முடிவு. ஏட்டுச்சுவடி சொன்ன விதிப்படி இது நல்ல ஆலோசனை ஆகாது.

#7 ஏட்டுச்சுவடி

நல்ல பிடி. ஆனால் 3.47-இன் கடைசி வரிகளைப் பாருங்கள். அவர்கள் குற்றம் செய்தவர்களாகவே இருந்தாலும், செய்யாததுபோல் நாம் காட்டிக்கொள்ள வேண்டும், நம்மோடு இன்னும் பகையாகாத ஒரே தரப்பு பகையாகிவிடக் கூடாது என்பதற்காக, என்கிறார். அதாவது இடைப்படி, ‘அவர்கள் நம்மை நேசிக்கிறார்கள்’ என்பதில்லை. அடுத்த கிளர்ச்சியில் இன்னொரு நகரத்தின் சாதாரண மக்கள் ஆயுதத்தோடு எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதுதான் இடைப்படி. இங்கே கொன்றால், அங்கே மேட்டுக்குடியினர் அவர்களிடம், ‘குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் ஒரே தண்டனைதான், எங்களோடு நில்லுங்கள்’ என்று சொல்ல வழி கிடைக்கும். இந்தக் கணக்குக்கு மிட்டிலீனிக்காரர்களின் மனசு தெரிய வேண்டியதில்லை.

தண்டனை அச்சம் பற்றிய பகுதியும் (3.45) இப்படித்தான். பல குற்றங்களுக்கு ஏற்கெனவே மரணதண்டனை இருக்கிறது, சிறிது சிறிதாகக் கூட்டிக் கூட்டி அங்கே வந்து நின்றிருக்கிறார்கள், ஆனாலும் செய்கிறார்கள். ஆசை முன்னே போகிறது, நம்பிக்கை பின்னே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகளை விட வலுவானவை. கிளர்ச்சி ஏன் வருகிறது என்பதை அவர் கோபமில்லாமல் பார்க்கிறார். அந்தக் கோபமின்மையைத்தான் முதல் நாள் மன்றம் இழந்திருந்தது. தன்னடக்கம்தான் விவேகத்தைக் காப்பாற்றி வைக்கிறது என்பார் அரிஸ்டாட்டில். முக்கோணத்தின் கோணங்கள் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்ற கருத்தை இன்பமும் துன்பமும் கெடுக்காது. என்ன செய்ய வேண்டும் என்ற கருத்தைக் கெடுக்கும்.

#8 தாமரைக்குளம்

பாடத்துக்காகப் படிக்கிறேன், இடையில் ஒரு கேள்வி. இதையெல்லாம் இன்றைய சட்டமன்றமோ நகராட்சியோ எடுக்கும் ஒரு முடிவை எடைபோடப் பயன்படுத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

#9 கணக்கர்

முடியும். சொல்லாட்சிக் கலை முதல் நூல் நான்காம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். மன்றத்தில் ஆலோசனை சொல்கிறவன் தெரிந்திருக்க வேண்டியவை ஐந்து என்கிறார்: வருவாய், போரும் சமாதானமும், நாட்டுக் காவல், இறக்குமதி ஏற்றுமதி, சட்டம் இயற்றுதல். ஒவ்வொன்றிலும் என்னென்ன என்று இறங்கிச் சொல்கிறார். வருவாயில் எந்தெந்த இனங்கள், எவ்வளவு, எது விடுபட்டிருக்கிறது, எது குறைவு. செலவில் எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம். வருமானத்தைக் கூட்டி மட்டுமல்ல, செலவைக் குறைத்தும் செல்வம் சேரும் என்று சேர்த்துக்கொள்கிறார். உணவில் நகரத்துக்கு எவ்வளவு போதும், எது உள்ளூரில் விளைகிறது, எது வெளியிலிருந்து வருகிறது, அதைத் தருகிறவர்களோடு உறவு எப்படி. தன் நகரத்தின் போர்கள் மட்டும் போதாது, அண்டை நகரங்களின் போர்கள் எப்படி முடிந்தன என்றும் தெரிய வேண்டும்.

செனஃபோன் எழுதிய ஒரு உரையாடலில் சாக்ரடீஸ், இருபது வயது நிரம்பாமலே மன்றத்தில் பேசத் துடித்த கிளௌக்கனிடம் இதே வரிசையில் கேட்கிறார். வருவாய் எவ்வளவு? தெரியாது. செலவு? தெரியாது. காவல் நிலைகளில் எது வலுவானது? ஊகம்தான். வெள்ளிச் சுரங்கத்தில் வரத்து ஏன் குறைந்தது? போய்ப் பார்த்ததில்லை. உள்ளூர்த் தானியம் எத்தனை நாளுக்கு வரும்? அதையும் கவனிக்க வேண்டும் என்றால் மிகப் பெரிய வேலை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், முடிவு ஒன்றா, பல முடிவுகளை ஒன்றாகக் கட்டியதா என்று பிரியுங்கள். பிறகு அந்த முடிவுக்குப் பொருந்தும் எண்களை எழுதுங்கள். எண் இல்லாத இடத்தைக் காலியாகவே விடுங்கள், அந்தக் காலியிடம்தான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இதே மாதிரி முடிவு வேறு ஊரில் எடுத்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். அதன்பின் முன்வைக்கும் காரணத்தை முடிவிலிருந்து பிரித்தெடுத்து, காரணம் பொய்யானாலும் முடிவு நிற்குமா என்று சோதியுங்கள், #7-இல் செய்தது போல. கடைசியாக, ஏன் இன்றே என்று கேளுங்கள். பெரும்பாலான தவறுகள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காததால் வருகின்றன.

#10 மருதன்

அந்தக் கடைசிக் கேள்விக்கு எதிர் உதாரணம் 406-இல் இருக்கிறது. அர்ஜினூசாய் கடற்போரில் ஏதென்ஸ் வென்றது, ஆனால் புயல் வந்து, மூழ்கிய கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்க முடியவில்லை. எட்டுத் தளபதிகள், இருவர் ஊர் திரும்பவில்லை, ஆறு பேரை மன்றத்தின் முன் நிறுத்தினார்கள். கல்லிக்ஸீனஸ் தீர்மானம்: தளபதிகள் அனைவருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு, குலத்துக்கு இரண்டு குடங்கள், குற்றவாளி என்றால் ஒன்றில், இல்லையென்றால் மற்றதில்.

இது சட்டவிரோதம் என்று யூரிப்டோலெமஸ் எதிர்த்தார். மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூட்டம் கத்தியது. எதிர்ப்பவர்களையும் தளபதிகளோடு சேர்த்தே தண்டிக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் எதிர்ப்பு அடங்கியது. கூட்டத்தை நடத்தும் குழுவில் சாக்ரடீஸ் ஒருவர் மட்டும் சட்டத்துக்கு மாறாக எதையும் செய்ய மாட்டேன் என்று நின்றார். தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்ற யூரிப்டோலெமஸின் தீர்மானம் முதல் கைதூக்கலில் வென்றது. ஆட்சேபம் வந்து மறுபடி எண்ணியபோது தோற்றது. ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் பெரிக்ளிஸின் மகன், அதே பெயர் கொண்டவர். சில காலத்துக்குள் மன்றம் வருந்தி, தன்னை ஏமாற்றியவர்கள் மேல் வழக்குப் போட்டது.

இரண்டு நிகழ்ச்சிக்கும் இடையே மக்கள் மாறிவிடவில்லை. 427-இல் மிட்டிலீனித் தூதர்களும் அவர்களுக்கு ஆதரவான ஏதென்ஸ்காரர்களும் அதிகாரத்தில் இருந்தவர்களை இணங்கவைத்து விஷயத்தை மறுபடி மன்றத்துக்குக் கொண்டுவர ஒரு வழி இருந்தது, இடையில் ஓர் இரவு இருந்தது. 406-இல் எல்லா உயிர்களையும் ஒரே வாக்கெடுப்பில் கட்டிப்போட்டார்கள், ஆட்சேபிப்பவனை மிரட்டினார்கள். ஆகவே விவேகத்தைத் தனிமனிதனின் குணமாக மட்டும் தேடினால் அரசியலில் பாதிதான் கிடைக்கும். சாக்ரடீஸின் குணத்தில் குறை இல்லை; அது ஆறு பேரில் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

#11 பொருநை

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ‘அரசியல்’ மூன்றாம் நூலில் பலர் சேர்ந்தால் ஒவ்வொருவரிடமும் உள்ள சிறு பங்கு விவேகம் கூடிப் பெரிதாகும் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார், பலர் கொண்டுவரும் விருந்து ஒருவர் செலவில் நடக்கும் விருந்தை விட நன்றாக இருப்பது போல. ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் இது பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. ஆலோசிப்பது, தீர்ப்பளிப்பது, அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது, பதவி முடிந்தபின் அவர்களிடம் கணக்குக் கேட்பது, இவற்றில் மக்களுக்குப் பங்கு. கூடிய மன்றமாக இருக்கும்போதுதான். தனித்தனியாகப் பெரிய பதவிகளில் அல்ல.

இதற்கான ஏற்பாடுகள் ஏதென்ஸில் இருந்தன. ஐந்நூற்றுவர் அவை நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தயாரிக்கும். உறுப்பினருக்கு வயது 30 ஆக வேண்டும், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. அரிஸ்டாட்டில் காலத்து நடைமுறையில் ஆண்டின் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கிலும் ஒரு முதன்மைக் கூட்டம். அதில் அதிகாரிகள் ஒழுங்காக நடக்கிறார்களா, தானியம், நாட்டுக் காவல் ஆகியவை கட்டாயம் எடுத்தாக வேண்டும். கணக்கர் சொன்ன பட்டியலில் இரண்டு இங்கே நிரலாகவே இருக்கின்றன.

#12 வடகரை

என் கேள்விக்கு பெரும்பகுதி விடை கிடைத்தது. எஞ்சுவது முதல் சோதனை: குறிக்கோள் நல்லதா? டயோடோட்டஸின் மனசில் நீதி இருந்ததா, பேரரசின் லாபம் மட்டுமா?

#13 ஏட்டுச்சுவடி

இரண்டு இடங்களைச் சேர்த்துப் படியுங்கள். 3.43-இல் அவர், நல்ல யோசனை சொல்கிறவனும் நம்பப்படுவதற்குப் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு இந்த நகரம் வந்துவிட்டது என்கிறார். இப்படிச் சொல்லிவிட்டு லாபம் மட்டுமே பேசுகிறவர், லாபம் மட்டும்தான் நினைக்கிறாரா என்பதை அந்தப் பேச்சை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அடுத்தது அவர் முன்மொழிந்த தீர்மானம், 3.48: மிட்டிலீனியில் இருந்த ஏதென்ஸ் தளபதி பாக்கிஸ் குற்றவாளிகள் என்று அனுப்பியவர்களை நிதானமாக விசாரியுங்கள், மற்றவர்களை வாழ விடுங்கள். லாபம் மட்டும் குறி என்றால், அனுப்பப்பட்ட மேட்டுக்குடியினருக்கு விசாரணை கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

#14 கணக்கர்

நடந்தது அதுவல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது கப்பல் ஒரு பகலும் இரவும் பின்தங்கிக் கிளம்பியது. மிட்டிலீனித் தூதர்கள் கப்பலுக்கு மதுவும் வாற்கோதுமை மாவும் ஏற்றிக் கொடுத்து, முந்திப் போனால் பெரிய வெகுமதி தருவதாகச் சொன்னார்கள். துடுப்பு வலித்தபடியே மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்றார்கள், முறைபோட்டுத் தூங்கினார்கள். எதிர்க்காற்று இல்லை. கொடிய வேலைக்குப் போன முதல் கப்பல் அவசரப்படவும் இல்லை. பாக்கிஸ் ஆணையைப் படித்து நிறைவேற்றப் போகும் நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்களை, கிளியோனின் தீர்மானப்படி, கொன்றார்கள். 1,000 பேருக்குச் சற்று அதிகம் என்று துசிடிடீஸ் பிரதியில் இருக்கிறது. அந்த எண் ஏட்டுப் பிழையாக இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. டயோடோட்டஸ் கேட்ட நிதானமான விசாரணை பற்றி துசிடிடீஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மதில்களை இடித்தார்கள், கப்பல்களை எடுத்துக்கொண்டார்கள். கிளர்ச்சியில் சேராத மெதிம்னா நகரம் நீங்கலாகத் தீவின் நிலத்தை 3,000 பங்காகப் பிரித்து, 300-ஐத் தெய்வங்களுக்கு ஒதுக்கி, மீதியைச் சீட்டுப் போட்டு ஏதென்ஸ் குடிமக்களுக்குக் கொடுத்தார்கள். நிலத்தை உழுதது லெஸ்பாஸ்காரர்களே. பங்குக்கு ஆண்டுக்கு 2 மினா குத்தகை. 2,700 பங்குக்கு 5,400 மினா, அதாவது 90 தாலந்து (60 மினா ஒரு தாலந்து). உழுகிறவனை உயிரோடு விட்டால்தான் வருமானம் என்ற வாதத்தை மன்றம் முழுவதும் கேட்டுக்கொண்டது. விசாரணை வேண்டும் என்றதை விட்டுவிட்டது.